ஒருத்தியைக் கூப்பிட்டால்

மழைக்குள் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு என் அண்ணன் நின்ற நிற்பு இன்னும் கண்ணிலேயே இருக்கிறது. அறுபதுகளின் தொடக்கம். தென்காசியில் ஒரு பள்ளிக்கூடத்துக் கூடத்தை ஞாயிற்றுக்கிழமை மட்டும் கேட்டு வாங்கி நாங்கள் சிறுமியர் சங்கம் நடத்திக்கொண்டிருந்தோம். அன்று சாரல் காற்றோடு சாய்ந்து அடித்தது. மற்ற பிள்ளைகள் எல்லாம் போய்விட, இலஞ்சியிலிருந்து வருகிற பிள்ளை மட்டும் பாவாடை நுனியைப் பிழிந்துகொண்டு வாசலில் நின்றாள். அவளைக் கூட்டிப்போக வர வேண்டிய அம்மாவைக் காணவில்லை. பிள்ளைகளுக்கு வளையப்பந்து சொல்லிக்கொடுக்க வருபவன் என் அண்ணன். "சைக்கிள்ல ஏத்திக் கொண்டு விட்டுட்டு வாரேன்க்கா, செத்த நேரத்துல வந்துருவேன்" என்றான். சங்கத்தை முன்னின்று நடத்திய எக்ஸ்சேஞ்ச் அக்கா குடையை விரித்தபடியே, "வேண்டாம் தம்பி. நீ, நான், உன் தங்கச்சி, மூணு பேரும் பிள்ளையோட நடந்தே போயிட்டு வருவோம்" என்றாள்.

இலஞ்சி வரைக்கும் நடந்தோம். அண்ணன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தான். பிள்ளையை அவள் அம்மா கையில் ஒப்படைத்துவிட்டுத் திரும்பும்போதுதான் கேட்டான்: "எம்மேல நம்பிக்கை இல்லியாக்கா?"

அக்கா நின்றாள். "உன்னைய நம்பாம இல்ல தம்பி. எங்கூட ஒரு பிள்ள ஒத்தையில இருந்தாலும் அதுவும் கூடாதுன்னுதான் சொல்லுதேன். யாரு எப்படின்னு நெத்தியில எழுதியா ஒட்டியிருக்கு? உன்னைய மாதிரி நல்ல பையனுக்காவ இன்னைக்கு வழக்கத்த மாத்துனா, நாளைக்கு மாத்தக்கூடாத ஆளு வந்து கேட்டாலும் மாத்த வேண்டியதாயிரும்லா?"

அண்ணன் அடுத்த ஞாயிறு வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறு ரப்பர் வளையத்தைக் கையில் மாட்டிக்கொண்டு தானாகவே வந்தான். அவனுடைய சைக்கிளின் பின்சீட்டில் அதன் பிறகு ஒரு பிள்ளையும் ஏறியதில்லை.

அக்காவுக்குத் தென்காசி டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை. பிறந்தது கடையம், கல்யாணமாகி இங்கே வந்தவள். பகலெல்லாம் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, மதுரைக்கும் மெட்ராஸுக்கும் ஆட்களை இணைத்துக் கொடுப்பாள். ஊரில் பாதிப் பேருக்கு அவள் முகம் தெரியாது, குரல் தெரியும். நான் அப்போது பள்ளிப் படிப்பை முடித்துவிட்டு, மாப்பிள்ளை பார்க்கிறார்கள் என்ற ஒரே காரணத்துக்காக வீட்டில் உட்கார்ந்திருந்தவள். சங்கத்துக்குத் துணையாக வர முடியுமா என்று அக்கா வந்து கேட்டபோது அப்பா யோசித்தார். "அண்ணனும் வரட்டும். ரெண்டு பேரையும் சேத்தே அனுப்புங்க" என்றாள் அக்கா. அப்பாவுக்கு மறுக்க வழியில்லாமல் போயிற்று.

பிறகுதான் புரிந்தது, அவள் எல்லா வீட்டிலும் இப்படித்தான் பேசினாள் என்று. பாதுகாப்பு என்று சொல்லிப் பெண்பிள்ளைகளை வீட்டுக்குள் பூட்டி வைக்கிற காலம் அது. அக்கா அதே பாதுகாப்பைச் சொல்லித்தான் ஒவ்வொரு வீட்டுக் கதவையும் திறந்தாள். எங்கே போகிறோம், யார் கூட வருகிறார்கள், எப்போது திரும்புவோம் என்று அம்மாக்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவாள். எந்தப் பிள்ளையும் எந்தப் பெரியவரோடும் தனியாக இருக்காது. வீட்டில் சொல்லக் கூடாது என்று யாராவது ஒரு விஷயத்தைச் சொன்னால் அதைத்தான் முதலில் வீட்டில் சொல்ல வேண்டும். இதைப் பிள்ளைகளுக்கு அவள் விளையாட்டுப் போலச் சொல்லிக் கொடுத்திருந்தாள். இன்றைக்கு முகாம் நடத்துகிறவர்கள் இவற்றையெல்லாம் அச்சடித்துக் கொடுத்துக் கையெழுத்து வாங்குகிறார்கள். அன்றைக்கு எங்களுக்கு அக்காவின் வாய்தான் அச்சகம்.

அந்த வருஷ சீசனில் குற்றாலத்தில் தங்கி ஒரு முகாம் நடத்துவது என்று முடிவாயிற்று. ஐந்தருவிப் பாதையில் பெரிய பங்களா வைத்திருந்த ஒரு முதலாளி, தோட்டத்தை ஒட்டிய தன்னுடைய சின்ன வீட்டை எங்களுக்கு இலவசமாகத் தருவதாகச் சொன்னார். இலஞ்சியில் அவருக்கு நிறைய வயல் உண்டு. இலஞ்சிப் பிள்ளையின் அப்பா குத்தகைக்குப் பயிர் செய்ததும் அவருடைய வயலில்தான். சமையலுக்கு ஒத்தாசையாக அந்தப் பிள்ளையின் அம்மாவும் எங்களோடு வந்தார்.

முதல் நாள் காலை ஐந்தருவிக்குப் போனோம். ஜோடி ஜோடியாகக் கையைப் பிடித்துக்கொண்டுதான் தண்ணீருக்குள் இறங்க வேண்டும். தண்ணீர் நிறம் மாறினால் வெள்ளம் வருகிறது என்று அர்த்தம், உடனே அக்கா விசில் ஊதுவாள். அந்த நொடியே கரைக்கு வந்துவிட வேண்டும். மதியம் குளிர் நடுங்க வந்து சுடுசோறும் துவையலும் சாப்பிட்டோம். சாப்பிட்ட களைப்பில் பிள்ளைகளெல்லாம் கூடத்தில் படுத்திருக்க, இலஞ்சிப் பிள்ளை ஒரு சிந்து பாடினாள். அவளுக்கு அப்படி ஒரு குரல். சாரல் கூரையில் விழுகிற சத்தத்தையும் மீறி அந்தப் பாட்டு தோட்டத்தைத் தாண்டிப் போயிருக்க வேண்டும்.

சாயங்காலம் ஒரு கார் வந்து நின்றது. பங்களாக் கணக்குப்பிள்ளை இறங்கினார். "மெட்ராஸ்லேர்ந்து மொதலாளிக்கு வேண்டியவங்க வந்திருக்காங்க. மத்தியானம் இங்கன ஒரு பிள்ள பாடுச்சாமே, அந்தப் பிள்ளையக் கேக்காக. கார்லயே அனுப்பிருங்க, பாடி முடிச்சதும் கொண்டாந்து விட்டுருவோம்" என்றார்.

"கூட நாங்க ரெண்டு பேரு வரலாமா?" என்று கேட்டாள் அக்கா.

"எதுக்கு? பிள்ள மட்டும் போதும்னு சொல்லியிருக்காக."

அடுப்படியிலிருந்து பிள்ளையின் அம்மா ஈரக் கையோடு வந்து நின்றார். முகம் வெளுத்துப்போயிருந்தது. அக்காவைச் சற்றுத் தள்ளி அழைத்துப்போய், "அவுக வயலத்தானம்மா உழுது திங்கோம். மாட்டேம்னு சொல்லவும் முடியல, அனுப்பவும் மனசு வரல. நான் என்ன செய்ய?" என்றார். இல்லை என்று சொன்னால் அந்தக் குடும்பத்தின் சோற்றுக்கே ஆபத்து. சரி என்று சொன்னால் நாங்கள் இத்தனை நாள் சொல்லிக்கொடுத்ததற்கெல்லாம் அர்த்தமே இல்லை.

அக்கா நேரே கணக்குப்பிள்ளையிடம் போனாள். டெலிபோனில் பேசுகிற அதே குரல். "வாரோம்னு சொல்லுங்க அண்ணாச்சி."

"வாரோமா?"

"சங்கத்துல படிச்ச பாட்டுல்லா? சங்கம் வந்து பாடும். கார் வேண்டாம், எடம் பத்தாது. நாங்க நடந்து வாரோம்."

கார் காலியாகத் திரும்பிப் போனது. அதன் பிறகு அந்தச் சின்ன வீட்டில் நடந்ததைக் கல்யாண வீட்டு அமளி என்றுதான் சொல்ல வேண்டும். "ஏட்டி, எழுந்திரிங்க! எல்லாரும் தலைசீவுங்க!" என்று அக்கா கையைத் தட்டினாள். ஒருத்தி தலையை இன்னொருத்தி பின்னினாள். ஈரப் பாவாடைகளை உதறி உதறிக் கட்டினார்கள். பிள்ளையின் அம்மா அடுப்பை அணைத்துவிட்டு, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு முதல் ஆளாக வாசலில் வந்து நின்றார். வெளிச்சம் இருக்கும்போதே கிளம்பிவிட்டோம். முன்னால் அக்கா, நடுவில் பிள்ளைகள், கடைசியில் நானும் அண்ணனும். தூறலில் பாடிக்கொண்டே பங்களாவின் பெரிய கேட்டுக்குள் நுழைந்தோம்.

முதலாளி வாசற்படியில் நின்றிருந்தார். வரிசை முடியவே முடியாமல் உள்ளே வந்துகொண்டிருந்ததை அவர் பார்த்த பார்வையை நான் மறக்க மாட்டேன். "ஒரு பிள்ளையைத்தானே வரச் சொன்னேன்?" என்றார்.

அக்கா கைகூப்பினாள். "எங்க சங்கத்துல ஒரு பிள்ளைன்னு கிடையாதுய்யா. ஒருத்தியக் கூப்பிட்டா எல்லாரும்தான் வருவோம்."

உள்ளே சீட்டாடிக்கொண்டிருந்த விருந்தாளிகள் எழுந்து வந்துவிட்டார்கள். எல்லோரும் ஆண்கள். அவர்களில் ஒருவர் சிரித்து, "வரட்டும், வரட்டும்" என்றார். கூடத்துக் கம்பளம் முழுக்க ஈரக்கால்களாக நாங்கள் நிறைந்து நின்றோம். நட்டநடுவே இலஞ்சிப் பிள்ளை. அவள் தோளைத் தொட்டுக்கொண்டு அவள் அம்மா. அவள் ஒரு வரி பாட, நாங்கள் எல்லோரும் திருப்பிப் பாடினோம். அந்தக் கூடத்தின் உத்தரம் அதிர்ந்தது. கைத்தட்டல் ஓய்ந்ததும் விருந்தாளிகளுக்கு வாங்கி வைத்திருந்த மங்குஸ்தான் பழக்கூடை வந்தது. பிள்ளைகள் கூடையின் அடியைப் பார்த்துவிட்டுத்தான் நிமிர்ந்தார்கள். வந்த மாதிரியே, வந்த அத்தனை பேரும், இருட்டுவதற்குள் திரும்பினோம்.

அந்த முதலாளியின் மனத்தில் என்ன இருந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. வெறும் பாட்டு கேட்கிற ஆசையாகவே இருந்திருக்கலாம். "அது நமக்கு எதுக்கு? தெரிஞ்சுக்க வேண்டிய நிலைமை வராம பாத்துக்கிட்டோம்லா, அதான் நம்ம வேலை" என்றாள் அக்கா.

மறுநாள் காலையிலேயே கணக்குப்பிள்ளை வந்தார். இன்னும் விருந்தாளிகள் வருகிறார்களாம், வீட்டைக் காலி செய்ய வேண்டுமாம். மூட்டைகளோடு பாதையோரம் நின்றோம். சின்னப் பிள்ளைகள் சிலர் அழவே ஆரம்பித்துவிட்டார்கள். முகாம் அவ்வளவுதான் என்று நானும் நினைத்தேன். அப்போது முந்தின நாள் முகம் வெளுத்து நின்ற அந்த அம்மா, சோற்றுப் பானையைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு சொன்னார்: "எதுக்குட்டி அழுதிய? எங்க தெருவுல எடமா இல்ல? வாங்க, இலஞ்சிக்கு."

இலஞ்சியில் அந்தத் தெரு எங்களை வாங்கிக்கொண்டது. ஒரு வீட்டில் அரிசி, ஒரு வீட்டில் தேங்காய், இன்னொரு வீட்டில் பாய். பிள்ளைகள் படுக்கிற வீட்டில் இரண்டு அம்மாக்கள் முறைவைத்துக் காவல் இருந்தார்கள். அக்கா சொல்லாமலே அந்த வழக்கம் அவர்களுக்கு வந்துவிட்டது. மதியம் பிள்ளையின் அப்பா வயலிலிருந்து சேற்றுக் காலோடு வந்தார். விஷயம் அவர் காதுக்கு ஏற்கெனவே போயிருந்தது. அவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார்.

"எம்பிள்ளைய ஒத்தையில அனுப்பலைல்லா?"

"இல்ல அண்ணாச்சி" என்றாள் அக்கா.

"அப்பம் சரி. வயலு போனா இன்னொரு வயலு. நீங்க சாப்பிடுங்க" என்று சொல்லிவிட்டுக் கால் கழுவப் போனார்.

அந்த வயல் போகத்தான் செய்தது. அறுப்பு முடிந்ததும் முதலாளி அதை வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டார். ஒரு போகம் அந்தக் குடும்பம் கஷ்டப்பட்டது. பிறகு சுரண்டைப் பக்கத்துக்காரர் ஒருவருடைய வயல் இலஞ்சியிலேயே பிள்ளையின் அப்பாவுக்குக் குத்தகைக்குக் கிடைத்தது. ஆனால் அடுத்த சீசனில் எங்கள் முகாமுக்கு இடம் கேட்டு நாங்கள் ஒருவர் வாசலிலும் நிற்கவில்லை. இலஞ்சித் தெரு தானாகவே ஆள் அனுப்பி எங்களைக் கூப்பிட்டது. தென்காசியில் அதுவரை பிள்ளைகளை அனுப்ப மறுத்த வீடுகளெல்லாம் அனுப்பின. எல்லோரும் வந்து நின்ற அந்தச் சாயங்காலத்தின் கதை எங்களுக்கு முன்னால் அந்த வீடுகளுக்குப் போய்விட்டிருந்தது.

முதல் வருஷ முகாமின் கடைசி நாள்தான் எனக்கு எல்லாவற்றையும்விடப் பெரியது. பிள்ளைகளைத் திரும்பவும் ஐந்தருவிக்கு அழைத்துப்போனோம். காவலுக்கென்று தெருவிலிருந்த அம்மாக்களும் கிளம்பி வந்தார்கள். அருவிச் சத்தம் கேட்கிற தூரத்தில் வாழ்க்கைப்பட்டும், ஆம்பிளைகள் அவசரப்படுத்தாமல் ஒரு நாளும் அதில் நின்று குளித்திராதவர்கள் அவர்கள். கரையில் சேலையை இறுக்கிக்கொண்டு தயங்கினார்கள். அக்கா விசிலை என் கையில் கொடுத்துவிட்டு, பிள்ளையின் அம்மாவிடம் போய்க் கையை நீட்டினாள். "ஜோடி இல்லாம எறங்கக் கூடாது. நான் வாரேன், வாங்க."

இருவரும் கையைக் கோத்துக்கொண்டு தண்ணீருக்குள் போனார்கள். அருவி அந்த அம்மாவின் தலையில் விழுந்தது. "ஏ, யாத்தீ!" என்று அவர் போட்ட கூச்சலில் பாறையில் இருந்த குரங்குகள் சிதறி ஓடின. அடுத்த ஜோடி இறங்கியது, அதற்கடுத்த ஜோடி. நான் கரையில் விசிலோடு நின்று எல்லோரையும் பார்த்துக்கொண்டே இருந்தேன். தண்ணீர் தெளிவாகவே விழுந்துகொண்டிருந்தது. வீட்டுக்குப் போகலாம் என்று கடைசிவரை ஒருத்தியும் சொல்லவில்லை.