கிரிவலக் கோட்டில் ஒரு கொக்கி

அந்த வளைவை அழிக்க நான் மறந்துவிடவில்லை. தெரிந்தேதான் விட்டுவைத்தேன்.

‘மறந்துவிட்டேன்’ என்று கேட்டவர்களிடமெல்லாம் சொல்லியிருக்கிறேன். எல்லாரும் நம்பினார்கள். நீங்களாவது உண்மையைக் கேட்டுக்கொள்ளுங்கள். மன்னிக்கும்படி கேட்கவில்லை... அதற்கு எனக்கு வாயில்லை.

திருவண்ணாமலையில் சின்னதாக ஒரு டிசைன் கடை வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகையும் கடைப் பலகையும் வயிற்றுப்பாட்டுக்கு. என் பித்து என்னவோ வரைபடங்கள்தான். தெரு வளைவதும் ஏரிக்கரை நெளிவதும் எனக்குச் சித்திரமாகவே தெரியும். பௌர்ணமிக்குக் கிரிவலம் போகிறவர்களின் போனில், நடந்த வழியைக் கோடாகப் பதிந்துவைக்கும் செயலி ஒன்றைப் போட்டுக் கொடுப்பேன். பிறகு அந்தக் கோட்டை வாங்கி, மலையைச் சுற்றியுள்ள தெருக்களின் மேல் வண்ணத்தில் வரைவேன். ஒருவருக்கு ஒரு படம். கீழே நடந்தவரின் பெயர்.

எல்லாப் படமும் வளையல் மாதிரியே இருந்தது! மலையைச் சுற்றித்தானே எல்லாரும் நடக்கிறார்கள், வேறு எப்படி இருக்கும்? எனக்குச் சலித்துப்போயிற்று.

அப்போதுதான் ஏழுமலைப் பெரியப்பாவின் கோடு வந்தது. அவர் எங்கள் கீழ்பென்னாத்தூர்க்காரர், அப்பாவின் சிநேகிதர். நெல்லும், மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் நிலக்கடலையும் பயிரிடுகிறவர். ஒரு பௌர்ணமி தவறாமல் வந்து நடப்பார். அவருடைய கோடு அடி அண்ணாமலையில் பாதையை விட்டு விலகி, ஒரு சந்துக்குள் நுழைந்து, ஒரு வீட்டில் சுருண்டு முடிச்சாகி, மறுபடி பாதைக்கு வந்திருந்தது. தூண்டில் கொக்கி போல... என்ன அழகு!

“இங்க எங்க போனீங்க பெரியப்பா?” என்று கேட்டேன்.

அவர் கடையில் வேறு யாராவது இருக்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தார்.

“செல்வி வூடும்மா. பேத்தி பொறந்திருக்கு. சாமி பேரச் சொல்லிட்டு பௌர்ணமிக்கு மட்டும் போய்ப் பாத்துட்டு வரேன். குமரனுக்குத் தெரிஞ்சா அவங்கள வாழ வுட மாட்டான். அந்த எடத்த மட்டும் அழிச்சுடும்மா.”

“அழிச்சுடறேன் பெரியப்பா. கவலப்படாதீங்க.”

செல்வி அவருடைய மகள். வேறு சாதிப் பையனைக் கட்டிக்கொண்டாள் என்று வீடே அவளைத் தலைமுழுகியிருந்தது. அவள் அண்ணன் குமரன், “கண்ணுல பட்டா வெட்டிடுவேன்” என்று டீக்கடையில் நின்று கத்தியவன். அவள் பெங்களூர்ப் பக்கம் இருப்பதாகத்தான் ஊர் நினைத்தது. இத்தனையும் எனக்குத் தெரியும். தெரியாமல் செய்த பிழையல்ல இது!

அழித்தும் பார்த்தேன். மறுபடி ஒரு வளையல்... படத்தில் உயிரே இல்லை. அழித்ததைத் திரும்பக் கொண்டுவந்தேன். இதையெல்லாம் யார் உற்றுப் பார்க்கப் போகிறார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதோடு விட்டேனா? அந்தச் சந்தின் முனையிலிருந்த தண்ணீர்த் தொட்டியையும் வேப்பமரத்தையும்கூட நுணுக்கி நுணுக்கி வரைந்தேன். அழகுக்காக!

இந்தப் படங்களையெல்லாம் ஒரு கல்யாண மண்டபத்தில் கண்காட்சியாக வைத்தேன். நடந்தவர்களின் வீடுகளுக்கு நேரில் போய் அழைப்பதுதானே முறை? பெரியப்பா வீட்டுக்கும் போனேன். அவர் நெல்லுக்குத் தண்ணீர் பாய்ச்சக் கொல்லைக்குப் போயிருந்தார். பெரியம்மாவிடம் குங்குமமும் பத்திரிகையும் கொடுத்து, “எல்லாரும் வந்துடணும்” என்றேன். என் வாயாலேயே அழைத்தேன்!

பெரியப்பா வரவில்லை. குமரன் வந்தான், மனைவியோடு. “எங்கப்பா நடந்ததுங்க” என்று பக்கத்திலிருந்தவரிடம் பெருமையாகச் சொன்னான். கோட்டின் மேல் விரலை ஓட்டிக்கொண்டே போனான். அடி அண்ணாமலையில் விரல் நின்றது.

“இன்னா இது, இங்க உள்ள போயிருக்காரு?” சிரித்துக்கொண்டுதான் கேட்டான்.

‘போன் தப்பா காட்டிடுச்சு’ என்று ஒரு பொய் சொல்லியிருந்தால் போதும். எத்தனையோ பொய் சொல்லத் தெரிந்த எனக்கு அப்போது நாக்கு எழவில்லை. அவன் என் முகத்தைப் பார்த்தான். அவன் சிரிப்பு நின்றுபோனது. அந்த இடத்தை மட்டும் போனில் படம் பிடித்துக்கொண்டு வெளியே போனான். வண்டி கிளம்பும் சத்தம் கேட்டது.

என் கையிலும் போன் இருந்தது. உடனே பெரியப்பாவைக் கூப்பிட்டிருக்கலாம். அந்த நேரம் பார்த்து யாரோ ஒருவர் அருகில் வந்து, “இருக்கறதுலயே இதாங்க நல்ல படம்” என்றார். நான் நின்று கேட்டேன். நன்றிகூடச் சொன்னேன்! இப்படியும் ஒருத்தி இருப்பாளா? இருந்தேனே... நான் இருந்தேனே!

குமரன் ஆட்களோடு போய்க் கதவை உடைத்திருக்கிறான். அக்கம்பக்கத்தார் ஓடிவந்து மறித்ததால் உயிருக்குச் சேதமில்லை. அன்றைக்கே செல்வியும் அவள் கணவனும் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். எங்கே போனார்கள் என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது.

சில நாள் கழித்துப் பெரியப்பா கடைக்கு வந்தார்.

“அழிக்கச் சொன்னேனேம்மா...”

“மறந்துட்டேன் பெரியப்பா.”

என் கண்ணில் நீர் வழிவதை அவர் பார்த்தார். பிறகு, “மறதிதானே... மனுஷனுக்கு வர்றதுதான். வுடு, அழுவாத” என்றார். எனக்கு ஆறுதல் சொன்னார்! அதையும் கூசாமல் வாங்கிக்கொண்டேன்.

போன பௌர்ணமிக்கு மறுபடி வந்தார். நடக்கப் போகவில்லை. நேராக என் கடைக்கு வந்து, தன் போனை என் முன்னால் வைத்தார்.

“நான்தான் காட்டிக் குடுத்துட்டேன்னு அவ நெனச்சிருப்பா. போன எடுக்கவே மாட்டேங்கறா. யார் எங்க நடந்தாங்கன்னு அப்படியே வரையிறவ நீ... அவ எங்க இருக்கான்னு இதுல பாத்துச் சொல்லேம்மா.”

அந்தப் போனில் அது தெரியாது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் கையில் எடுத்தேன். எதையோ தேடுவது போல விரலை அசைத்துக்கொண்டிருந்தேன். அவர் எதிரே ஸ்டூலில் உட்கார்ந்து என் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“கெடைக்குதாம்மா?”

“பாக்கறேன் பெரியப்பா... இன்னும் கொஞ்ச நாள் ஆவும்” என்றேன்.

தலையாட்டிவிட்டுப் போனார். அடுத்த பௌர்ணமிக்கும் வருவார்.