பின்னறை இருமல்

தன் தம்பிக்குக் காசநோய் என்று தெரிந்த அன்றே எங்கள் தெருத் தையல்காரி வீட்டில் சட்டம் போட்டுவிட்டாள். பெரிய சன்னல் வைத்த பின்னறை தம்பிக்கு. முன்னறையும் தையல் மிஷினும் அவளுக்கு. கதவுகளுக்குப் பெயின்ட் அடிக்கிறவன் அந்தத் தம்பி. அவன் இருமினால் கூரையில் ஓடு நகரும், எதிர்வீட்டுப் பூனையும் கூடவே இருமும். நம்பாதவர்கள் பூனையைக் கேட்டுக்கொள்ளலாம்.

மாத்திரை விழுங்கினால் சிறுநீர் செம்மஞ்சளாகப் போகும் என்று நர்சம்மா சொன்னதைத் தையல்காரி கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். காலையானால் மூடிய கதவுக்கு வெளியே நின்று, தெருவுக்கே கேட்கிற மாதிரி விசாரிப்பாள்.

“என்னடா, கலர் வந்துச்சா?”

“வந்துச்சு. ஒரு கதவுக்கே அடிக்கலாம். மானத்த வாங்காத அக்கா.”

அவளையும் பரிசோதனைக்கு வரச்சொல்லி நர்சம்மா ஆள் மேல் ஆள் விட்டாள். கையில் இருக்கும் பள்ளிச் சீருடைகளை முடித்துவிட்டு வருகிறேன் என்றாள் இவள். சீருடை முடிகிற வழியாக இல்லை.

தம்பி தேறினான். இருமல் நின்றது. இனி தொற்றாது, மாத்திரையை மட்டும் பாதியில் விடாதே, விட்டால் நோய் மருந்துக்கு அடங்காமல் திரும்பி வரும் என்று டாக்டர் சொல்லி அனுப்ப, வேலைக்குக் கிளம்பிவிட்டான். பின்னறையைக் கழுவிவிட்டு, கட்டிலையும் வெளியே எடுத்தார்கள்.

ஒருநாள் பட்டப்பகலில், அவள் மிஷினை மிதித்துக்கொண்டிருக்கையில் அந்தக் காலி அறைக்குள் யாரோ இருமினார்கள். அதே வறட்டு இருமல், கடைசியில் ஓர் இழுப்பு. மிதியை நிறுத்தினாள், இருமலும் நின்றது. எட்டிப் பார்த்தாள். சன்னல் திரைதான் மூச்சு விடுவதுபோல் உப்பி உப்பி அடங்கிக்கொண்டிருந்தது. மறுநாள் கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தாள். இருமல் இன்னும் பக்கத்தில் கேட்டது.

பேய் என்றால் அவள் இரண்டு திட்டு திட்டி அனுப்பியிருப்பாள். தம்பி மாத்திரையை விட்டுவிட்டான், பகலில் திருட்டுத்தனமாக வந்து ஒளிந்து இருமுகிறான் என்றல்லவா நினைத்தாள். சாயங்காலம் அவன் வந்ததும் சட்டையைப் பிடித்தாள். அவன் சத்தியம் செய்தான். நான் உன் எதிரிலேயே உட்காருகிறேன், நீ தை, பார்க்கலாம் என்றான்.

மிஷின் ஓடியது. பின்னறை இருமியது.

“கேட்டியா?” என்றாள், குரலைத் தாழ்த்தி.

தம்பி பின்னறைப் பக்கம் திரும்பவேயில்லை. அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“அக்கா… இருமுறது நீதான்.”

சிரித்தாள். சிரிப்பு பாதியில் உடைந்து இருமலாயிற்று. சாமான் இல்லாத அறை அதை அப்படியே திருப்பித் தந்தது. இத்தனை காலம் தம்பியின் இருமல் வந்த திசைக்கே அவள் காது பழகிப்போயிருந்தது. துணி இளகிவிட்டதென்று தன் ரவிக்கையை அடுத்தடுத்துப் பிடித்துத் தைத்துக்கொண்டிருந்தாளே, இளைத்தது உடம்புதான் என்பதும் அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

சளிப் பரிசோதனை அவளுக்கும் காசநோய் என்றது. கட்டில் பின்னறைக்குத் திரும்பியது. மாத்திரை தொடங்கிய மறுநாள் காலை தம்பி கதவுக்கு வெளியே நின்று, தெருவுக்கே கேட்கும்படி குரல் கொடுத்தான்.

“என்னக்கா, கலர் வந்துச்சா?”

கதவில் காதை வைத்தான். முதலில் எதிர்வீட்டுப் பூனை இருமியது.

“வந்துச்சுடா,” என்றது உள்ளேயிருந்து, மெதுவாக. “கத்தித் தொலைக்காத.”