சாப்பிட்டீர்களா என்று கேட்ட குற்றம்

எனக்குச் சுற்றி வளைத்துப் பேச வராது. வெட்டு ஒன்று, துண்டு இரண்டுதான். எங்கள் ஊர் வடகரையில் அதை யாரும் ஒரு குறையாகச் சொன்னதில்லை, இங்கே எல்லாருக்கும் அதே வாய்தான். அந்த வாயோடுதான் தென்காசியில் ஒரு ஆபீசில் வேலைக்குச் சேர்ந்தேன். செல்போன் கடைக்கு மேலே மாடியில் இரண்டு அறைகள், காதில் ஹெட்செட் மாட்டிய பெண்கள். இங்கிலாந்தின் வடக்கே ஏதோ ஒரு ஊரில் கால் வைத்தியம் பார்க்கும் கிளினிக் இருக்கிறது. வருகிறவர்கள் பெரும்பாலும் சர்க்கரை நோயாளிகள். அவர்களுக்கு போனில் அப்பாயின்ட்மென்ட் போட்டுக் கொடுப்பது எங்கள் வேலை. துபாயில் இருந்தபோது ஒரு ஆஸ்பத்திரி வரவேற்பில் நான் வேலை பார்த்திருந்தேன். அந்த இங்கிலீஷ் போதும் என்று எடுத்துக்கொண்டார்கள்.

பிள்ளைகளின் படிப்புக்காக நான் முன்னாலேயே ஊர் திரும்பிவிட்டேன். என் வீட்டுக்காரர் பல வருடம் அங்கே தனியாகக் கிடந்துவிட்டு, இடுப்பு வலியோடு போன வருடம்தான் வந்து சேர்ந்தார். வந்தவர் போட்ட சின்னக் கடை இன்னும் தட்டுத் தடுமாறிக்கொண்டிருந்தது. என் வேலை நிரந்தரமானால் அவர் இங்கேயே இருப்பது, இல்லாவிட்டால் என் தம்பி ஏற்பாடு செய்திருக்கும் விசாவில் மறுபடி கிளம்புவது என்று எங்களுக்குள் பேச்சு. தம்பியும் வாரம் ஒருதரம் கேட்டுக்கொண்டே இருந்தான்.

போனில் நான் ஊரில் பேசுகிற மாதிரிதான் பேசினேன். “வியாழக்கிழமை பத்து மணிக்கு வாங்க. பழைய ரிப்போர்ட்டைக் கொண்டு வாங்க. லேட் பண்ணாதீங்க.” துபாயில் மலையாளி, பாகிஸ்தான் பட்டாணி, பிலிப்பினோ எல்லாரிடமும் இந்தக் கட்டை இங்கிலீஷ்தான் ஓடியது. பேச்சைத் தொடங்கும்போது “சாப்பிட்டீங்களா?” என்று இங்கிலீஷில் கேட்பேன். எதிர்ப்பக்கம் சில பேர் சத்தமே இல்லாமல் இருப்பார்கள். லைன் சரியில்லை என்று நினைத்துக்கொள்வேன்.

எங்களுக்கு மேலதிகாரி லண்டனில் இருந்த ஒரு அம்மாள். ஒருநாள் வீடியோவில் வந்தார். முதலில் அங்கே மழை என்றார், இங்கே எப்படி என்றார். வேலை நேரத்தில் இது என்ன பேச்சு என்று “நார்மல்” என்றேன். பிறகு, நான் நல்ல சுறுசுறுப்பு என்றார். எனக்குச் சம்மதம் என்றால், ஒருவேளை, இன்னும் கொஞ்சம் இதமாகப் பேசிப் பார்க்கலாமோ என்று சும்மா யோசித்ததாகவும் சொன்னார். சும்மா யோசித்ததுதானே என்று நானும் சிரித்து வைத்தேன்.

“அந்தம்மா என்ன சொன்னா?” என்று வீட்டுக்காரர் கேட்டார்.

“நல்லா வேலை பாக்குதேன்னு சொன்னா.”

அவர் உடனே என் தம்பிக்கு போன் போட்டு, விசாவுக்கு அவசரமில்லை என்று சொல்லிவிட்டார். அன்றைக்கு வீட்டில் எல்லாருக்கும் புரோட்டா.

இரண்டு வாரம் கழித்து எங்கள் டீம் லீடர் பெண் என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். “அக்கா, என்ன பண்ணி வச்சிருக்கீக? நோயாளிகள அதட்டுதீகளாம். சாப்ட்டீகளான்னு அவங்க சொந்த விசயத்தக் கேக்குதீகளாம். சொல்லியும் திருந்தலையாம். வேலைய உறுதி பண்ணணுமான்னு மேடம் மெயில் போட்டிருக்காவ.”

“எப்பச் சொன்னா?”

“அன்னைக்கு வீடியோல சொன்னாவல்லா.”

“அது சும்மா யோசிச்சதுல்லா?”

“அவங்க ஊர்ல அதான்க்கா ஏச்சு.”

எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. ஏசுவதென்றால் ஏச வேண்டியதுதானே? சிரித்துக்கொண்டே ஏசினால் எவளுக்கு விளங்கும்? வீட்டில் அவரிடம் சொன்னேன். “நான் போயிட்டு வாரேன், ரெண்டு வருசந்தான்” என்றார். அதைச் சொல்லும்போதே இடுப்பைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்தார்.

மறுநாளிலிருந்து நானும் சும்மா யோசிக்க ஆரம்பித்தேன். காலில் ஆறாத புண்ணோடு வழக்கமாக என்னிடம் பேசுகிற ஒரு பெரியவருக்கு போன் போட்டேன். அவருக்குச் சிரமமில்லை என்றால், முடிந்தால், வியாழக்கிழமை வர வசதிப்படுமோ என்று தேனொழுகக் கேட்டேன். அவர் மெல்லக் கேட்டார்: “என் காலை எடுக்கப் போகிறார்களா?”

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. இல்லை என்றேன். “அப்புறம் ஏன் இப்படிப் பம்முகிறாய்? கெட்ட செய்தி சொல்லத்தான் இப்படிப் பேசுவார்கள்.” பாவம், மனுஷன் பயந்தே போயிருந்தார். நான் இதத்தைத் தூக்கிப் போட்டேன். “காலுக்கு ஒன்றுமில்லை. வியாழன் பத்து மணிக்கு வாங்க. புண்ணில் போட்ட கட்டை நனைக்காதீங்க. சாப்பிட்டீங்களா?” அவர் பெருமூச்சு விட்டுச் சிரித்தார். அவர் ஊரிலும் எல்லாரும் இப்படித்தான் பட்டென்று பேசுவார்களாம். லண்டன்காரர்கள் என்ன சொல்ல வருகிறார்கள் என்று அவருக்கும் பாதி நேரம் விளங்காதாம். எனக்கு ஆனந்தமாக இருந்தது.

எங்கள் பேச்செல்லாம் பதிவாகும். அந்தப் பேச்சை அம்மாள் கேட்டிருக்க வேண்டும். மாதக் கடைசியில் வீடியோவில் வந்தார். வந்ததும் மழைப் பேச்சு. இந்தத் தடவை நான் ஒழுங்காகப் பதில் சொன்னேன்: குற்றாலத்தில் சீசன், சாரல் அடிக்கிறது, அருவியில் குளிக்க ஊரே கூடியிருக்கிறது. மழையிலேயா குளிப்பார்கள் என்று அவர் கண்ணை விரித்தார். மழையில்தான் என்றேன். பிறகு அவர் அந்தப் பெரியவரைப் பற்றி வளைத்து வளைத்து ஏதோ ஆரம்பித்தார். என்னால் பொறுக்க முடியவில்லை.

“மேடம், நேராகச் சொன்னால்தான் எனக்கு விளங்கும். எனக்கு வேலை உண்டா, இல்லையா?”

அவர் முகம் சிவந்துவிட்டது. பிறகு அந்த வாயிலிருந்து ஒரே ஒரு வார்த்தை வந்தது. உண்டு.

வேலை முடிந்து இறங்கினால் சாரலில் நனைந்துகொண்டு வண்டியோடு நின்றார் என் வீட்டுக்காரர். வேலை உண்டு என்றேன்.

“அந்தம்மா சொன்னாளா, இல்ல நீயா நெனச்சுக்கிட்டியா?”

“சொன்னா. ஒரே வார்த்தைல.”

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு வண்டியை உதைத்துக் கிளப்பினார். எத்தனை வருடம் கடலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து போனில் இதையே கேட்டிருப்பார். இப்போது முதுகைக் காட்டிக்கொண்டு, கைக்கெட்டும் தூரத்தில் உட்கார்ந்து கேட்டார்.

“சாப்ட்டியாட்டி?”