ஆறு பாரா மனுவும் இரண்டு கதிரும்

போன வாரம் முகவரி மாற்றுவதற்காகத் தஞ்சாவூரில் ஓர் இ-சேவை மையத்துக்குப் போயிருந்தேன். கம்ப்யூட்டர் முன்னால் இருந்த பெண் காரணம் கேட்டாள். நான் வீடு மாறிய கதையை மகளின் பிரசவத்திலிருந்து ஆரம்பித்தேன். "இதுல நாலு காரணந்தாங்க இருக்கு, ஒண்ணச் சொல்லுங்க" என்றாள். மூன்றாவதைச் சொன்னேன். அது என் காரணமே இல்லை.

எழுந்தபோது ஜெராக்ஸ் மெஷினிலிருந்து சூடான காகித வாசனை வந்தது. அந்த வாசனைக்கும் கார்பன் தாளுக்கும் சம்பந்தமில்லைதான். ஆனாலும் மூக்கு என்னை நேராக வலங்கைமானுக்குக் கொண்டுபோய்விட்டது. கல்யாணத்துக்கு முன்னால் அங்கே ஒரு டைப்பிங் கடையில் வேலை பார்த்தேன். வருகிறவர்களுக்கு மனு எழுதி, டைப் அடித்துக் கொடுக்க வேண்டும். என் மனுக்கள் ஆறு பாராவுக்குக் குறையாது. முதல் பாராவில் அதிகாரியின் கருணை உள்ளம், இரண்டாவதில் ஊரின் பழம்பெருமை. எழுதிவிட்டு நானே இரண்டு தடவை படித்து ரசிப்பேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு தை மாதம் தனம் வந்தாள். கடைமடைக்காரி, வாய்க்கால் முடிகிற இடத்தில் வயல். அவள் அப்பா காலமெல்லாம் பிறத்தியார் வயலில் உழைத்தவர். இவள் காலத்தில்தான் சொந்தமாக ஒன்றரை ஏக்கர் வாய்த்திருந்தது. மேல்மடையில் அறுப்பு நெருங்கிவிட்டதால் வாய்க்காலை அடைக்கப் போகிறார்கள், அடைத்தால் தன் பயிர் அத்தனையும் பதராகிவிடும், இன்னும் ஒரு வாரம் தண்ணீர் விடச் சொல்லி மனு வேண்டும் என்றாள். என்னைவிட இரண்டு வயது மூத்தவள்தான். ஆனால் டைப் அடிக்கிற பெண்கள் எல்லோரும் அவளுக்கு அக்கா.

வழக்கம்போல ஆறு பாரா அடித்துப் படித்துக் காட்டினேன். தனம் மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். ஊர்ப் பெருமை முடிந்ததும், "சரிக்கா, இத வச்சு ஏன் தண்ணி வுடணும்?" என்றாள். கேலியில்லை, நிஜமாகவே கேட்டாள். எனக்குச் சுருக்கென்றது. சரி, ஏழ்மையைப் பற்றிய பாராவாவது உருக்கும் என்று அதைப் படித்தேன்.

"ஏழைங்கிறது நெசந்தான். மேமடைக்காரங்களுந்தான் ஏழை. அவங்க அடைக்கச் சொல்றாங்களே?"

எனக்குக் கோபமாகத்தான் இருந்தது. பிறகு என்னதான் எழுதுவது, நீயே சொல் என்றேன். அவள் அவசரப்படாமல் சொன்னாள். கடைமடைக்குத் தண்ணீர் இருபது நாள் பிந்தித்தான் வந்தது. அதனால் நடவு பிந்தியது. அதனால் இப்போதுதான் கதிர் பால் கட்டுகிறது. மேல்மடைக்காரர்கள் தங்கள் மடையை மட்டும் அடைத்துக்கொண்டால் வாய்க்காலில் போகிற தண்ணீர் அவர்கள் அறுப்பைக் கெடுக்காது.

நாலே வரி. நான் அடித்த ஆறு பாராவில் இதில் ஒன்றுகூட இல்லை.

வெறும் நாலு வரி மனுவைக் கொடுத்தனுப்ப மனம் கேட்காமல், கடையில் சொல்லிவிட்டு நானும் அவளோடு பாசன அலுவலகத்துக்குப் போனேன். தனம் மேல்மடைக் கதிர் ஒன்றும் தன் வயல் கதிர் ஒன்றும் கொண்டுவந்திருந்தாள். அதிகாரி மனுவைப் படித்தார். மேல்மடை நெல்லை நகத்தால் கீறினார், அரிசி முற்றியிருந்தது. தனத்தின் நெல்லை நசுக்கினார். வெள்ளையாகப் பால் வந்து மனுவின் ஓரத்தில் சொட்டியது. துடைக்காமலே கையெழுத்துப் போட்டார்.

ஒரு வாரம் தண்ணீர் ஓடியது, பயிர் தேறியது. அந்த வருஷத்து நெல் எத்தனை மூட்டை என்றெல்லாம் எனக்குத் தெரியாது. என் மனுக்கள் இளைத்துப் போனது தெரியும். பின்னால் எத்தனையோ இடத்தில், சம்பந்தம் பேசிய வீட்டில்கூட, வாயைத் திறக்குமுன் "இத வச்சு ஏன்?" என்று ஒரு தடவை கேட்டுக்கொண்டேன். பல சண்டைகள் அப்படியே நின்றுபோயின. அதற்கெல்லாம் தனத்துக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன், நேரில் சொன்னதில்லை.

டைப்பிங் கடை இருந்த இடத்தில் இப்போது செல்போன் விற்கிறார்கள். தனமும் போய்ச் சேர்ந்துவிட்டாள். மனுவெல்லாம் வீட்டிலிருந்தே அனுப்பலாம், நல்ல வசதிதான். காரணத்தைத் தொட்டால் போதும், அது நம் காரணமாக இல்லாவிட்டாலும் பச்சை டிக் விழுந்துவிடுகிறது. எதிரே உட்கார்ந்து முழுசாகக் கேட்டுவிட்டு, "சரிக்கா, இத வச்சு ஏன்?" என்று கேட்கத்தான் ஆளில்லை.