ஒனக்க மிக்ஸி பத்திரமா?

இன்று காலை நெய்யாறு எங்கள் வாசல்வரை வந்துவிட்டது. குளத்தூர் பள்ளிக்கூடத்து முகாமுக்குக் கிளம்பினோம். டிவியையும் மிக்ஸியையும் நானே பரணில் ஏற்றினேன்.

வீட்டைப் பூட்டிவிட்டுப் போனால் காவலுக்கு நாயைக் கட்டிப்போடுவது எங்கள் பக்கத்து வழக்கம். ஜிம்மியையும் சங்கிலியில் மாட்டிவிட்டு வந்தேன்.

முகாமில் உட்கார்ந்து, இந்த அரசாங்கத்துக்கு உயிரின் மதிப்பு தெரியாது என்று இங்கே முகநூலில் பொங்கினேன். நீங்களும் லைக் போட்டீர்கள்.

மத்தியானம் பக்கத்து வீட்டு ஸ்டெல்லா அக்கா நெஞ்சுவரை நனைந்து வந்தார். தோளில் ஜிம்மி, நடுங்கியபடி.

"எலே, ஒனக்க மிக்ஸி பத்திரமா இருக்கா?"

"மேல ஏத்தி வச்சிருக்கேன் அக்கா."

"கொள்ளாம், நல்ல காரியம். இவன் துணி அலக்குகல்லுக்க மேல ஏறி நிண்ணான். கழுத்துவர வெள்ளம். அதுக்கு மேல ஏற சங்கிலிக்கு நீளம் இல்ல மக்கா. நான் போய் அவுத்தேன்."

முகாமே என்னைப் பார்த்தது. ஜிம்மி மட்டும் வாலாட்டினான். கடித்திருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

காலையில் எழுதியதை அழித்துவிட்டேன். அதற்கு லைக் போட்டவர்கள் இங்கே வந்து திட்டிவிட்டுப் போகலாம்.

மிக்ஸி நலம்.