அம்மை காது தைத்துக்கொண்ட வருஷம்

எனக்கு அப்போது பத்து வயசு. பூதப்பாண்டியில் எங்கள் தெரு அம்மன் கோவில் கொடைத் திருவிழாவுக்கு அந்த வருஷம் வில்லுப்பாட்டு பாட வந்தது ஒரு பெண்பிள்ளை. மத்தியானப் பூசைக்கு முன்னால் பாட்டு. பொங்கல் அடுப்பை விட்டு நகராத பெண்கள்கூட அன்றைக்குப் பந்தலில் முன்னால் வந்து உட்கார்ந்துவிட்டார்கள்.

பச்சைப் பட்டும், தோளில் புடைத்து நிற்கும் கை வைத்த ஜம்பரும் போட்டு அவள் வந்து வில்லுக்குப் பின்னால் இருந்தாள். முப்பது வயது இருக்கும். தலையில் கோண வகிடு. அதற்கே பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஆனால் எல்லோர் கண்ணும் போய் நின்றது அவள் காதில். சின்னக் காது. அதில் ஒட்டினாற்போல ஒரு சிவப்புக் கல் கம்மல்.

பந்தலில் இருந்த கல்யாணமான பெண்கள் அத்தனை பேருக்கும் காது தோள்வரை வடிந்து கிடந்தது. கைக்குழந்தையிலேயே துளைத்து, கனத்த ஈயக் குணுக்கை மாட்டி, வருஷக்கணக்காக இழுத்து வடித்த காது. அதில் தங்கப் பாம்படங்கள், நடக்க நடக்க ஆடும். என் அம்மைக்கும் அப்படித்தான்.

அவள் இரண்டு வீசுகோலையும் எடுத்து வில்லின் நாணில் ஒரு அடி அடித்தாள். மணிகள் மொத்தமாகச் சிலிர்த்தன. குடமும் உடுக்கும் சேர்ந்துகொண்டன. அந்தக் குரல் எங்கேயிருந்து வந்தது என்று எனக்கு இன்றைக்கும் புரியவில்லை. அம்மனின் கோபத்தைப் பாடும்போது நான் அம்மையின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். ஒரு கோலை வானத்தில் வீசி, பாட்டு நிற்காமல், நிமிர்ந்து பார்க்காமல் பிடித்தாள். பெண்கள் அழுதார்கள். அம்மையும் அழுதாள். ஆனால் கண்ணைத் துடைக்காமல் பாட்டுக்காரியின் காதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கோவில் காரியங்களை அப்பா பார்த்துவந்ததால் பாட்டுக்காரர்களுக்குச் சாப்பாடு எங்கள் வீட்டில். ஆண்கள் முன்கட்டில் சாப்பிட, அவள் அடுக்களையில் எங்களோடு வந்து இருந்தாள். அம்மை இலையில் சோறு போட்டுவிட்டுக் கேட்டாள்.

“கேக்கேன்னு தப்பா நெனைக்கப்பிடாது. காதுக்கு என்ன செஞ்சிய?”

“அறுத்துத் தைச்சேன் மைனி.”

பிறகு அவளே சொன்னாள். “இரணியல் பக்கம் ஒரு கொடை. கதை உச்சத்துல நிக்கு. கோலை வீசினேன், பாம்படத்துல மாட்டிச்சு. ஒரே இழுப்பு. வலது காது பிஞ்சு ரெண்டாத் தொங்கிச்சு.”

அம்மை கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டாள். “பாட்டை நிறுத்தினியளா?”

“எப்படி நிறுத்த? சாமி வாற நேரம். முந்தானையைத் தோள்ல இழுத்துப் போட்டுப் பாடி முடிச்சேன். சனங்க ரத்தத்தைக் குங்குமம்னு நெனைச்சுட்டு.”

அவள் சிரித்தாள்.

“அதுக்குப் பொறவு நாரோயில் ஆஸ்பத்திரியில போய் ரெண்டையும் அறுத்துத் தைச்சேன். நாலு நாள் நோவும், அவ்வளவுதான். இப்போ பாடும்போது தலை எனக்கே சொந்தம்னு இருக்கு.”

அம்மை கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, “தொட்டுப் பாக்கட்டா?” என்றாள். அவள் சாப்பிட்டுக்கொண்டே தலையைச் சாய்த்துக் கொடுத்தாள். கம்மலுக்குக் கீழே நூல் மாதிரி ஒரு தழும்பு இருந்தது. அம்மை அதை விரல் நுனியால் தடவினாள்.

மூன்று நாள் கழித்து, காலையில் வயலுக்குப் புறப்பட்ட அப்பாவிடம் அம்மை சொன்னாள். “நான் காது தைக்கப் போறேன்.”

“எதுக்கு? அழகுக்கா?”

“அழகுக்குந்தான்.” அம்மை தலையைக் குனியவில்லை. “வடிச்சப்போ யாரும் எங்கிட்ட கேக்கல்ல. இப்போ நான் கேக்கேன்.”

அப்பா மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். சாயங்காலம் அடுத்த தெருவிலிருந்து அத்தை, அப்பாவின் அக்காள், வந்து வாசலில் நின்றே கத்தினாள். “ஏட்டி, பாட்டுக்காரியைப் பாத்து உனக்கும் கிறுக்குப் பிடிச்சுட்டா? மூளிக்காதோட நாலு வீட்டு நல்ல காரியத்துக்கு எப்படிப் போவே?” அம்மை அவளை உள்ளே கூப்பிட்டுக் காப்பி கொடுத்தாள். இரண்டு வாரம் போனது. பிறகு ஒரு காலையில் அப்பா, “போறதுன்னா பிள்ளையையும் கூட்டிட்டுப் போ. தனியாப் போவாண்டாம்” என்று மட்டும் சொன்னார்.

நாகர்கோவில் ஆஸ்பத்திரியில் ஒரு மலையாளத்து லேடி டாக்டர். அம்மை பாம்படங்களைக் கழற்றித் துணியில் முடிந்து என் மடியில் வைத்தாள். அந்தக் கனம்! நான் பிறப்பதற்கு முன்னாலிருந்தே இதைக் காதில் தொங்கவிட்டுக்கொண்டுதான் அம்மை நெல் குத்தினாள், தண்ணீர் சுமந்தாள், என்னைப் பெற்றாள்.

“பேடியுண்டோ?” என்று டாக்டர் மலையாளத்தில் கேட்டார், பயமா என்று.

“இல்ல” என்றாள் அம்மை. ஆனால் அவள் கால்விரல்கள் மடங்கியிருந்ததை நான் வாசலில் இருந்து பார்த்தேன். கத்திரி சத்தம் கேட்டது. அம்மையின் சத்தம் கேட்கவே இல்லை.

எட்டாம் நாள் தையல் பிரித்தார்கள். கட்டு அவிழ்த்த அம்மையைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தேன். அவளுக்கு இத்தனை நீளமான கழுத்து உண்டென்பதே எனக்குத் தெரியாது. அந்த வாரத்தில் ஒருநாள், களத்தில் நெல் காயும்போது மழை இறங்கியது. முன்பெல்லாம் அவசரமென்றால் அம்மை இரண்டு காதையும் கைகளில் ஏந்திக்கொண்டு எட்டி நடப்பாள், அவ்வளவுதான். அன்றைக்கு ஓடினாள். இரண்டு கையையும் வீசி, சேலையைத் தூக்கிச் செருகி, பள்ளிக்கூடத்துப் பெண்ணைப்போல ஓடினாள். நான் நெல்லை மறந்து நனைந்துகொண்டே நின்றேன். என் அம்மை ஓடி நான் கண்டது அதுதான் முதல் தடவை.

அத்தை ஒரு மாதம் எங்கள் வீட்டுப்பக்கம் வரவில்லை. வந்த அன்றைக்கு அம்மையின் மோவாயைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினாள். இந்தப் பக்கம் பார்த்தாள், அந்தப் பக்கம் பார்த்தாள்.

“கண்ணு பெருசாத் தெரியுதேட்டி உனக்கு” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

அதற்குள் எங்கள் தெருவில் இரண்டு பெண்கள் ஆஸ்பத்திரிக்குப் போய்வந்திருந்தார்கள். இரண்டு பேருக்கும் துணை அம்மைதான். அறுவடை முடிந்து ஒருநாள் விடியற்காலம், தலைவாரிப் பூ வைத்து, வெளுத்த சேலையோடு அத்தை வந்து நின்றாள்.

“ஏட்டி, நாரோயில் பஸ் எத்தனை மணிக்கு?”

அம்மை அடுப்பை என்னிடம் ஒப்படைத்துவிட்டுக் கிளம்பினாள். அன்றைக்கு அத்தை போட்ட கூப்பாட்டில் ஆஸ்பத்திரியே கூடிவிட்டதாம். அம்மையின் மணிக்கட்டில் அத்தையின் நகம் பதிந்த அடையாளம் வெகுநாள் இருந்தது. தையல் பிரித்த அன்று அத்தை எங்கள் வீட்டுக் கண்ணாடியை வாங்கி முற்றத்து வெயிலில் வைத்துப் பார்த்தாள். ஐம்பது வயசுக்காரி, பார்த்துக்கொண்டே இருந்தாள்.

“இம்புட்டு நாளும் இவ எங்கட்டி இருந்தா?” என்றாள்.