விட்டுப்போன வாரம்

வெகுதூரத்தில் ஒரு கருந்துளை நம்மை நோக்கி ஒளியைப் பீய்ச்சிக்கொண்டிருக்கிறது. பிளேசார் என்று அதற்குப் பேர். அதன் வெளிச்சம் கூடிக் குறைவதைக் காமாக் கதிரில் ஒரு குழுவும் ரேடியோவில் இன்னொரு குழுவும் அளந்தன. கண்ணுக்குத் தெரியும் ஒளி ஆராய்ச்சி மாணவியான அவள் பொறுப்பு. கல்யாணம், காய்ச்சல் எதற்கும் அவள் விடுப்பு எடுத்ததில்லை. அப்பா சாகக் கிடந்த வாரம் மட்டும் விட்டுப்போனது.

எல்லாம் முடிந்து வந்தவளிடம் பேராசிரியர் அவளுடைய வரைபடத்தைக் காட்டினார். நடுவில் வெறும் இடைவெளி.

“மத்த ரெண்டுலயும் அந்த வாரம் ஒண்ணும் நடக்கலம்மா. ஒரு கோட்டை இழுத்துச் சேத்துடு.”

மற்ற இரண்டும் சும்மா கிடக்க கண்ணுக்குத் தெரியும் ஒளி மட்டும் சில சமயம் எகிறும் என்று கட்டுரை எழுதிப் பேர் வாங்கியவரே அவர்தான்.

“நடந்துச்சு சார். எங்கப்பா செத்துப்போனாரு.”

“அது தெரியும்மா. இந்த ஓட்டையே அதனாலதானே வந்துச்சு.”